1962 உலகக் கோப்பையில் ஆடிய சிலி கால்பந்து வீரர் லியோனல் சான்செஸ்: அவர் பெயரைச் சொன்னதால் மனதை உறுத்தும் ஒரு சந்திப்பு உண்டா?

கப்பல்காரன்:
சிலியின் அரிக்கா துறைமுகத்தில் சரக்கு இறக்க இரண்டு நாள் தாமதம். கார்லோஸ் டிட்போர்ன் ஸ்டேடியத்துக்குப் போனேன். சிலி சோவியத் யூனியனை வென்ற 1962 காலிறுதி நடந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஆரஞ்சு விற்ற பெரியவரிடம் "லியோனல் சான்செஸ்" என்றேன். முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தாலிக்காரரைக் குத்தியவர்தானே என்று முஷ்டியை மடக்கிக் காட்டினேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. ஓர் ஆரஞ்சைத் தரையில் வைத்தார். எதிரே நான்கைந்து பழங்களை வரிசையாக அடுக்கினார். அது ஃப்ரீ கிக்குக்கான தடுப்புச் சுவர். அதற்கும் பின்னால் தன் தொப்பியைக் கழற்றி வைத்து "யாஷின்" என்றார், சோவியத் கோல்கீப்பர். பிறகு இடது காலை வீசி, பழத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திக்கொண்டார். விற்க வேண்டிய பழமல்லவா! "ஹுஸ்டிசியா திவினா" என்றார். தெய்வ நீதி. அந்த கோலுக்கு வர்ணனையாளர் ஹூலியோ மார்டினெஸ் முழங்கிய அதே சொல். நான் அரைக் கிலோ வாங்கினேன். தரையில் இருந்ததைத் தொடாமல் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முஷ்டி மடக்கிய கை இன்னும் உறுத்துகிறது.

பழைய ரீல்:
குத்தைச் சொன்னதில் என்ன குற்றம்? நடந்ததுதானே? அதே உலகக் கோப்பையில் சாந்தியாகோவில் நடந்த சிலி–இத்தாலி ஆட்டத்தின் படச்சுருளை நான் பலமுறை பார்த்துவிட்டு அவரை ரவுடி என்றே சொல்லிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் இரவு நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். சான்செஸ் கீழே கிடக்கிறார், பந்து கால்களுக்கிடையே. இத்தாலியின் மாரியோ டேவிட் உதைக்கிறார், மறுபடியும் உதைக்கிறார். அதன் பிறகே இடது கை பாய்கிறது. அப்பா குத்துச்சண்டை வீரர். கை சும்மா இருக்குமா? ஆனால் இன்னொரு இத்தாலியர் மாஸ்கியோவின் மூக்கை உடைத்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அன்று வெளியேற்றப்பட்ட இருவரும் இத்தாலியர்கள். ஆரஞ்சுப் பெரியவர் இதற்கு எந்தப் பழத்தை வைப்பார்?

உள்ளூர் நடுவர்:
மாவட்டப் போட்டி ஒன்றில் என் கண்ணெதிரே ஒருவன் குத்தினான். மஞ்சள் அட்டையோடு விட்டுவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

அந்த இத்தாலி ஆட்டத்தின் நடுவர் கென் ஆஸ்டனைத் திட்டுபவர்களுக்கு ஒன்று: அன்று அட்டையே கிடையாது. இத்தாலியின் ஃபெர்ரினியை வெளியேறச் சொல்லியும் அவர் நகரவில்லை. போலீஸ் வந்துதான் அழைத்துப் போனது. பிற்பாடு சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தவரும் அதே ஆஸ்டன்தான். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தன. இளம் நடுவர்களே, முதல் ஐந்து நிமிடத்தில் கையைப் பிசையாதீர்கள். ஆட்டம் தொடங்குமுன் லைன்ஸ்மேனோடு சைகை பேசி வையுங்கள். கீழே விழுந்தவரைப் பார்க்காதீர்கள், அவரை நோக்கி ஓடி வருபவரைப் பாருங்கள். சிவப்பு அட்டையைப் பின்பாக்கெட்டில் தனியாக வையுங்கள். தேடும் நேரத்தில் மனம் மாறிவிடும். எனக்கு மாறியது.

நீலச் சட்டை:
சாந்தியாகோவில் வேலை பார்த்தபோது, 2022 ஏப்ரலில் சான்செஸ் இறந்த செய்தி வந்தது. உடன் வேலை செய்தவர் சான்செஸ் ஆடிய உனிவர்சிடாட் தே சிலே கிளப்பின் பரம ரசிகர். ஆறு விரல்களைக் காட்டினார்: ஆறு லீக் பட்டங்கள். "ஏழு. 1970இல் கோலோ கோலோவோடு ஒன்று" என்று அவர்களின் பரம வைரி கிளப்பைச் சொல்லித் திருத்தினேன். ஒரு விரலை மடக்கினார். அன்று மதியம் வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டார்.

கப்பல்காரன்:
நடுவரே, நான் அட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை.