மொட்டை மாடி வெள்ளை பெயிண்ட் இரண்டே வருஷத்தில் உரிகிறது, மேலேயே அடிக்கலாமா?

மாம்பலம்_மாடி:
மேற்கு மாம்பலத்தில் 800 சதுர அடி மொட்டை மாடி. கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு). வெயிலுக்காக வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. மழைக்குழாய் வாய்ப் பக்கம் கொப்புளம் எழும்பி, தொட்டால் அப்பளம் மாதிரி உடைகிறது. உரிந்த துண்டின் அடியில் செங்கல் நிறத் தூள் ஒட்டியிருக்கிறது. மற்ற இடங்களில் ஓட்டு இணைப்புகளை ஒட்டி மயிரிழை வெடிப்பு. "மேலேயே ரெண்டு கோட் அடிச்சிடலாம்" என்கிறார் பெயிண்டர். இப்போது ஆவணி, ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். அடிக்கலாமா?

தளப்பூச்சு:
அடிக்காதீங்க. அந்தச் செங்கல் தூள்தான் விஷயத்தைச் சொல்லுது. பெயிண்ட் ஓட்டைப் பிடிக்கல, ஓட்டு மேல இருந்த தூளைத்தான் பிடிச்சிருக்கு. புதுசா ரெண்டு கோட் போட்டா அது பழைய பெயிண்டைப் பிடிக்கும், பழையது தூளைப் பிடிக்கும். மொத்தமா உரியும்.

கொப்புளத்துக்குக் காரணம் வேற. இணைப்பு வழியா இறங்கின தண்ணி ஜல்லி சுண்ணாம்புல தங்கிடுது. வெயில் ஏறினா ஆவியா மேல வரும், பெயிண்ட் வழி விடாது, தள்ளிடும். அதனால முதல்ல ஈரம் பாருங்க. ஒன்றரை அடி சதுரத்துக்குக் கனமான ப்ளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் விடுங்க. எடுக்கும்போது ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, ஓடு நிறம் கறுத்திருந்தாலோ பெயிண்ட் டின்னைத் திறக்கவே வேண்டாம். ஒரு இடம் போதாது, மூணு இடத்துல பாருங்க.

கொத்துவேலை:
ஈரம் ஒருபுறம் இருக்கட்டும், வாட்டத்தைக் கவனியுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாயை நோக்கிச் சரிவு வேண்டும். நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே எந்த அக்ரிலிக்கும் நிற்காது. தண்ணீரில் ஊற ஊற அது இளகும் சரக்கு. அந்த இடத்து ஓடுகளை எடுத்து மட்டம் சரிசெய்து மறுபடி பதிப்பதுதான் வழி. மேலே மெலிசாகச் சிமெண்ட் இழுத்தால் அடுத்த கோடையில் தகடாகப் பெயரும்.

வெடிப்பில் சிமெண்ட் பால் ஊற்றுவதும் பயன்படாது. 10 மீட்டர் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். சிமெண்ட் பால் அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்காது. இணைப்பை ஒரு செண்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசி ஊதி, நனைத்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவையில் பாலிமர் லேட்டக்ஸ் (ஒட்டும் பிடியைக் கூட்டும் பால் போன்ற திரவம்) சேர்த்து அழுத்தி நிரப்புங்கள். ஓடே குறுக்கே பிளந்த வெடிப்பு என்றால் 'வி' வடிவில் வெட்டி, இழுத்தால் நீளும் அக்ரிலிக் ஃபில்லர் போட்டு, மேலே ஃபைபர் வலை ஒட்ட வேண்டும். கைப்பிடிச் சுவர் மூலையை விட்டுவிடாதீர்கள், பாதி ஒழுகல் அங்கேதான்.

தளப்பூச்சு:
அளவும் சொல்லிடறேன், ஏமாத்தறது இங்கதான். 800 சதுர அடின்னா சுமார் 74 சதுர மீட்டர். எல்லா கோட்டும் சேர்த்து சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் போனா ஈரத்துல ஒரு மில்லிமீட்டர், காய்ஞ்சா அதுல பாதிதான் நிக்கும். ஆக, நாலு 20 லிட்டர் பக்கெட். ஒரே பக்கெட்ல தண்ணி கலந்து முழு மாடியையும் முடிச்சா கிடைக்கிறது வெறும் வெள்ளை நிறம்தான். சுண்ணாம்பே அடிச்சிருக்கலாம். முதல் கோட்டை மட்டும் சம அளவு தண்ணி கலந்து ப்ரைமரா விடுங்க, மத்ததை டின்ல போட்டிருக்கிறபடி. ஒரு கோட் வடக்கு தெற்கா இழுத்தா அடுத்தது கிழக்கு மேற்கா. நடுப்பகல்ல அடிச்சா மேல் தோல் சட்டுனு காய்ஞ்சு உள்ள ஈரம் மாட்டிக்கும்.

மாம்பலம்_மாடி:
மூன்று இடத்தில் ஷீட் ஒட்டிப் பார்த்தேன். படிக்கட்டு அறைப் பக்கமும் நடுவிலும் காய்ந்திருந்தது. குழாய்ப் பக்கம் நன்றாக வியர்த்திருந்தது. தண்ணீரும் அங்கே இரண்டு நாள் நின்றது.

கொத்துவேலை:
அப்படியானால் இந்த வருஷம் பெயிண்டை மறந்துவிடுங்கள். குழாய்ப் பக்கம் ஓடுகளைத் தூக்கி, ஜல்லி சுண்ணாம்பைக் கையில் அள்ளிப் பிசையுங்கள். ஒட்டினால் ஒரு வாரமாவது வெயில் காட்ட வேண்டும். சாயங்கால மழைக்குத் தார்ப்பாயைச் செங்கல் மேல் தூக்கிப் போடுங்கள், தரையோடு மூடினால் ஈரம் போகாது. பிறகு வாட்டத்தோடு பதித்து, மாடி முழுக்க இணைப்புகளை அடைத்து, ஏழு நாள் ஈரச் சாக்கு போடுங்கள். இணைப்பு சரியாக இருந்தால் தட்டோடே ஐப்பசி, கார்த்திகையைத் தாங்கும்.

தளப்பூச்சு:
நானும் அதேதான் சொல்வேன். பழைய பெயிண்டை மட்டும் இப்பவே பட்டித் தகடு, கம்பி பிரஷ் வெச்சு எடுத்துடுங்க, அடில இருக்கிற ஈரம் வெளிய வரட்டும். மாசி பொறந்ததும் திரும்ப ஷீட் ஒட்டுங்க. பாசி இருந்தா ப்ளீச்சிங் பவுடர் கரைசல்ல தேய்ச்சு நல்லா அலசி, ரெண்டு நாள் காய விட்டு அடிங்க. மழைக்குழாய் வாய்க்குள்ள ரெண்டு அங்குலம் வரைக்கும் பிரஷ் போகணும்.