"பெண் என்பதால்": சியென்-ஷியுங் வூவும் 1957 நோபலும், இந்த ஒரு சொல் சரியா?

சுவரெழுத்து
எங்கள் தெருப் பள்ளியில் அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி. பெண் விஞ்ஞானிகளுக்கு என்று ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு வந்த பெயர் சியென்-ஷியுங் வூ. ஒரு சார்ட் பேப்பருக்குள் அடங்க வேண்டும் என்பதால் இப்படி எழுதினேன்:

"1912-ல் சீனாவில் பிறந்தவர். 1936-ல் அமெரிக்கா போய் இயற்பியல் படித்தார். இயற்கைக்கு இடது வலது வித்தியாசம் உண்டு என்று 1957-ல் சோதனை செய்து காட்டினார். அந்தக் கருத்தைச் சொன்ன இரண்டு ஆண்களுக்கு அதே ஆண்டு நோபல் கிடைத்தது. பெண் என்பதால் வூவுக்கு மறுக்கப்பட்டது."

பிழை இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி ஒட்ட வேண்டும்.

சாக்பீஸ்_வாத்தியார்
முப்பது வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கடைசி வரியில் "என்பதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது காரணம் சொல்கிற சொல். காரணம் சொன்னால் ஆதாரம் வேண்டும்.

தேதிகளைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அந்த இரண்டு ஆண்கள், லீயும் யாங்கும், எழுதிய கட்டுரை 1956 அக்டோபரில் அச்சானது. நோபலுக்குப் பெயர் பரிந்துரைக்கக் கடைசி நாள் ஜனவரி 31. வூவின் கட்டுரை அச்சானது 1957 பிப்ரவரி 15. அந்த ஆண்டுப் பரிசுக்கு அது எட்டவே இல்லை. இது விதி. விதிக்கு ஆண் பெண் தெரியாது.

இன்னொன்று. சோதனை நடந்தது வூ வேலை பார்த்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இல்லை. வாஷிங்டனில் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் நடந்தது. அங்கே ஆம்ப்லர், ஹேவர்ட், ஹாப்ஸ், ஹட்சன் என்று நாலு பேர் கூட வேலை செய்தார்கள். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க முடியாது. லீ, யாங் போக மிச்சம் ஒரு இடம். அதை ஐந்து பேரில் யாருக்குக் கொடுப்பது?

திண்ணைக்காரன்
அப்படிச் சொல்லுங்க சார். எதற்கெடுத்தாலும் ஆணாதிக்கம் என்று ஒரு முத்திரை. 1903-ல் மேரி கியூரிக்குக் கொடுத்தார்களே, 1963-ல் மரியா கோப்பர்ட் மேயருக்குக் கொடுத்தார்களே, அவர்கள் எல்லாம் ஆண்களா?

நைட்ஷிப்ட்_நளினி
திண்ணைக்காரரே, நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கியூரிக்கும் மேயருக்கும் நடுவில் அறுபது வருடம். அந்த மேயர் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பல வருடம் சம்பளமே இல்லாமல் ஆராய்ச்சி செய்தவர், கணவர் அங்கே பேராசிரியர் என்பதால். (பாருங்கள், இங்கே "என்பதால்" கச்சிதமாகப் பொருந்துகிறது.) அவருக்கு நோபல் கிடைத்தபோது சான் டியாகோ பத்திரிகை போட்ட தலைப்பு, நம்ம ஊர் அம்மாவுக்கு நோபல் என்கிற பாணியில் இருந்தது. இயற்பியலாளர் என்று எழுதக் கை வரவில்லை.

வாத்தியார் சாருக்கு: நான் குளிர்ச்சாதன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சோதனைக்கு எடுத்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம். அதன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு பம்பரம். சாதாரண வெப்பத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துச் சுற்றும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பி நிறுத்தக் காந்தப்புலம் மட்டும் போதாது, தனிச்சுழி வெப்பநிலைக்கு (குளிரின் கடைசி எல்லை அது) மேலே ஒரு டிகிரியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வரைக்கும் குளிர்விக்க வேண்டும். அப்படி நிற்கும்போது வெளியே வரும் எலெக்ட்ரான்களை எண்ண வேண்டும். மேலேயும் கீழேயும் சமமாகப் போனால் கண்ணாடிக்குள் தெரியும் உலகமும் நம் உலகமும் ஒன்று. சமமாகப் போகவில்லை என்றால் அத்தனை பாடப்புத்தகங்களையும் திருத்த வேண்டும்.

கோபால்ட்டை ஒரு படிகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படியவைத்து, சுற்றி வேறு படிகத் துண்டுகளால் ஒரு கூடு கட்டினார்கள். பசை போட்டு ஒட்டினார்கள். அந்தக் குளிரில் பசை நிற்கவில்லை, கூடு கலைந்து விழுந்தது. கடைசியில் நைலான் நூலால் கட்டினார்கள். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் கூடத்திலும் லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய கருவிக்குள் ஏதாவது ஒரு மூலையில் ஒரு நூல் முடிச்சு இருக்கும்.

அந்த 1956 கோடையில் கணவர் லூக் யுவானோடு கப்பலில் ஐரோப்பா போக டிக்கெட் போட்டிருந்தது. வூ போகவில்லை. லீ வந்து கேட்டதும், வேறு யாரும் முந்துவதற்குள் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார், கணவர் தனியாகப் போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பனியில் விமானம் கிடையாது, கடைசி ரயில் பிடித்து நியூயார்க் திரும்பினார். ஜனவரி 9 அதிகாலை இரண்டு மணிக்குச் சரிபார்ப்பு முடிந்தது. ஹட்சன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டிலை எடுத்தார், பேப்பர் கப்பில் ஊற்றிக் குடித்தார்கள்.

ஐந்து பேரில் யார் என்று கேட்டீர்கள். கோபால்ட்-60-ஐ எடுக்கலாம், கருக்களைத் திருப்பி நிறுத்தலாம் என்று லீயிடம் சொன்னது வூ. ஆம்ப்லரைத் தேடிப் பிடித்துப் பேசியது வூ. பீட்டா சிதைவில், அதாவது அணுக்கரு இப்படி எலெக்ட்ரானை வெளியே விட்டு மாறுவதில், அன்றைக்கு அவர் கை வைத்தால் தப்பாது என்ற பேர் இருந்தது.

சாக்பீஸ்_வாத்தியார்
அம்மா நளினி, நன்றாகச் சொன்னீர்கள், அந்த நைலான் நூல் எனக்குப் புதுச் சேதி. ஆனால் நீங்கள் நிரூபித்தது அவர் தகுதியானவர் என்பதை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தகுதி இருந்தும் கிடைக்கவில்லை என்பது வேறு, பெண் என்பதால் கிடைக்கவில்லை என்பது வேறு.

அதே பீட்டா சிதைவில் நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஈ.சி.ஜி. சுதர்சன் இருக்கிறார். 1957-ல் தன் ஆசிரியர் மார்ஷக்கோடு சேர்ந்து அந்தச் சிதைவை நடத்தும் விசையின் வடிவத்தையே எழுதிக் காட்டினார். ஃபைன்மனும் கெல்-மானும் முந்தி அச்சிட்டுப் பேர் வாங்கினார்கள். பிறகு ஒளியியலிலும் அவருக்குப் பரிசு தவறியது, 2005-ல் மனசு விட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். நோபல் இல்லாமலே 2018-ல் போனார். அவர் ஆண். நோபல் குழு எல்லாரையும்தான் விட்டுவிடுகிறது.

கடல்_கடந்தவன்
நான் நியூ ஜெர்ஸியில் இருக்கிறேன். இதைப் பெண் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறீர்கள். 1936-ல் கலிபோர்னியாவில் சீன முகம் என்றால் என்ன மரியாதை தெரியுமா? சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த சட்டம் 1943 வரைக்கும் அங்கே அமலில் இருந்தது. ஆணாக இருந்திருந்தாலும் வூவுக்குக் கஷ்டம்தான்.

நைட்ஷிப்ட்_நளினி
@கடல்_கடந்தவன் கஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பரிசு வாங்கிய லீயும் யாங்கும் யார்? அவர்களும் சீனர்கள்தான். அந்த ஒரு பரிசைப் பொறுத்தவரை இனத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது?

சாக்பீஸ்_வாத்தியார்
மிஞ்சுவது, அவர்கள் கோட்பாட்டுக்காரர்கள், இவர் சோதனைக்காரர் என்பது. அதையும் கழித்துப் பாருங்கள்.

நைட்ஷிப்ட்_நளினி
சார், கட்டுரை நல்லதோ கெட்டதோ, சோதனை வரும்வரைக்கும் யார் நம்பினார்கள்? அன்றைய பெரிய இயற்பியலாளர் பௌலியே கடவுள் இடதுகைக்காரர் என்று நம்ப மாட்டேன், பந்தயம் கட்டத் தயார் என்று நண்பருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் தேதி ஜனவரி 17. அதற்குள் நியூயார்க்கில் முடிவை அறிவித்தே இரண்டு நாள் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட ஆளை வாயடைக்க வைத்த சோதனை இல்லாமல் அந்த நோபல் அந்த வருடம் கிடைத்திருக்குமா? கட்டுரை வந்த மறு வருடமே பரிசு. சோதனை நிரூபித்ததால்தானே?

பிப்ரவரிக் கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன், 1957-க்கு. அதற்குப் பிறகு? 1965 வரைக்குமான பரிந்துரைகளில் அவர் பெயர் ஏழு தடவைக்குக் குறையாமல் போயிருக்கிறது. 1988-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஸ்டைன்பெர்கர், வூவை விட்டது குழுவின் பெரிய தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார்.

திண்ணைக்காரன்
சரி, அவர் அதற்காகக் கொடி பிடித்தாரா? ஒரு அறிக்கை விட்டாரா? அவரே பேசாமல் இருந்ததை நாம் ஏன் இழுக்க வேண்டும்? மாணவர்களைப் பிழிந்து எடுப்பார், பின்னாலிருந்து டிராகன் லேடி என்று கூப்பிடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

நைட்ஷிப்ட்_நளினி
ஆண் பேராசிரியர் பிழிந்தால் "கண்டிப்பானவர்". போகட்டும்.

பேசாமல் இருந்தார் என்று யார் சொன்னது? 1964 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெண்களும் அறிவியலும் பற்றி ஒரு கருத்தரங்கு. அங்கே மேடையேறி, இத்துனூண்டு அணுவுக்கும் அணுக்கருவுக்கும், கணிதக் குறிகளுக்கும், டி.என்.ஏ. மூலக்கூறுக்கும் தன்னைக் கையாள்வது ஆணா பெண்ணா என்று ஏதாவது பிடித்தம் இருக்குமா என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. யாராவது திருமதி யுவான் என்று கூப்பிட்டால் பேராசிரியர் வூ என்று திருத்துவார். ஒவ்வொரு தடவையும். கொடி பிடிப்பதைவிட அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு நேர்காணலில் கல்யாணம் எப்போது என்று கேட்டதற்கு நான் திருத்தாமல் சிரித்துவிட்டு வந்தேன், எட்டு வருடமாகியும் உறுத்துகிறது.

அடுப்படி_அறிவியல்
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து தொட்டி நிறைய அழுக்குப் பாத்திரத்தைப் பார்ப்பதைவிட மோசமானது ஒன்றுதான், ஆய்வுக்கூடத்துக்கே போகாமல் இருப்பது என்று சொன்னவரும் இவர்தானே? எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம். ஆனால் பாத்திரம் ஏன் அவருக்காகக் காத்திருந்தது என்று ஒரு சந்தேகம் எப்போதும் வரும்.

நைட்ஷிப்ட்_நளினி
@அடுப்படி_அறிவியல் :) யுவானும் இயற்பியலாளர். வீட்டு வேலையில் கை கொடுப்பவர் என்றுதான் படித்திருக்கிறேன். பாத்திரக் கணக்கு எழுதப்படவில்லை.

சாக்பீஸ்_வாத்தியார்
நேற்று ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நோபல் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒரு மூடிய அறைக்குள் சிலர் என்ன நினைத்தார்கள் என்று சார்ட் பேப்பரில் எழுத நமக்கு உரிமை இல்லை. நாளைக்கு ஒரு பையன் எழுந்து "ஆதாரம் என்ன மிஸ்?" என்று கேட்டால் அந்தச் சுவரில் இருக்கிற மற்ற பெண்களின் கதையும் சேர்ந்து பொய்யாகத் தெரியும்.

ஆனால் தேடும்போது மூடாத அறை ஒன்று கண்ணில் பட்டது. 1940-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு அங்கே ஆசிரியர் வேலை இல்லை. ஸ்மித் கல்லூரிக்குப் போனார், பெண்கள் கல்லூரி, ஆராய்ச்சிக்கு வசதி கிடையாது. பிறகு பிரின்ஸ்டன், அப்போது மாணவிகளையே சேர்க்காத இடம். போர்க்காலம் என்பதால் கடற்படை அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்க இவரை வைத்துக்கொண்டார்கள். 1944-ல் கொலம்பியா. முழுப் பேராசிரியர் ஆனது 1958-ல், உலகமே பேர் சொன்ன பிறகு. சம்பளம் ஆண் பேராசிரியர்களுக்குச் சமமானது 1975-ல், ராபர்ட் செர்பர் துறைத் தலைவராக வந்து கவனித்துச் சரிசெய்த பிறகு. அந்த 1975-ல்தான் வூ அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

நாட்டின் இயற்பியலாளர்களுக்கெல்லாம் தலைவர், சொந்தத் துறையில் அதுவரைக்கும் குறைந்த கூலி. என் கணக்கில் இதற்கு "என்பதால்" போடலாம். இங்கே சம்பளப் பதிவேடு இருக்கிறது, யூகம் வேண்டாம்.

திண்ணைக்காரன்
சம்பளம் எல்லா இடத்திலும் பேரம் பேசுகிற விஷயம்தானே சார்.

சாக்பீஸ்_வாத்தியார்
முப்பத்தொரு வருடமாகவா தம்பி?

சுவரெழுத்து
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மாற்றி எழுதியிருக்கிறேன்:

"...அந்தக் கருத்தைச் சொன்ன இருவருக்கும் அதே ஆண்டு நோபல். சோதித்துக் காட்டிய வூவுக்கு அந்த ஆண்டும் இல்லை, பிறகும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1944-ல் சேர்ந்தார். ஆண் பேராசிரியர்களுக்குச் சமமான சம்பளம் 1975-ல் வந்தது."

நைட்ஷிப்ட்_நளினி
நானாக இருந்தால் "என்பதால்" விட்டிருப்பேன். ஆதாரம் கேட்கும் பையனை என்னிடம் அனுப்புங்கள். அணுவுக்கு ஆண் பெண் தெரியுமா என்ற அந்தக் கேள்வியையாவது அடியில் சேர்த்துவிடுங்கள்.

சுவரெழுத்து
அடியில் இரண்டு விரல் இடம்தான் இருக்கிறது, ஆனாலும் சேர்க்கிறேன். 1975-ஐ மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

சாக்பீஸ்_வாத்தியார்
சிவப்பு தூரத்திலிருந்து தெரியாது. கருநீலத்தில் எழுதுங்கள், பெரிதாக.