காலரா டாக்சின் செல்லுக்குள்ள பூந்தப்புறம் ஓ.ஆர்.எஸ். எப்படி வேலை செய்யுது?

கொருக்குப்பேட்டை_மைக்ரோ
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி மைக்ரோபயாலஜி மூணாவது வருஷம் படிக்கிறேன். போன மழையில எங்க தெரு அடிபம்புல தண்ணி கலங்கலா வந்துச்சு, நாத்தம் வேற, ரெண்டே நாள்ல பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வாந்திபேதி. டெஸ்ட்ல காலரான்னு வந்துச்சு. அரிசி கழுவின தண்ணி மாதிரி போய்க்கினே இருந்துச்சு, கண்ணு உள்ள போயி, விரலெல்லாம் ரொம்ப நேரம் துணி தோச்ச கை மாதிரி சுருங்கிப்போச்சு. ராத்திரி பூரா நான்தான் ஸ்பூன்ல ஓ.ஆர்.எஸ். (உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணி) குடுத்தேன், பொழைச்சிக்கினாங்க.
இப்ப கிளாஸ்ல காலரா கிருமி விடற அந்த டாக்சின், அதாவது விஷம், அதுதான் நடக்குது. அதுல ஒரு ஏ, அஞ்சு பி-ன்னு புரோட்டீன் துண்டுங்க; ஏ-வோட ஏ1-ன்ற பாகம் உள்ள போயி, செல்லுக்குள்ள சிக்னல் ஆன் பண்ற ஜிஎஸ் புரோட்டீனை நிரந்தரமா ஆன்ல வெச்சிடும்னு சொல்றாங்க. அப்படின்னா குடல் தண்ணிய வெளிய கொட்டிக்கினேதான இருக்கும், மேல இருந்து நாம ஊத்தறது மட்டும் எப்படி உள்ள போகுது? அப்புறம் வேலை செய்யறது ஒரே ஒரு ஏ, அதுக்கு எதுக்கு அஞ்சு பி?

ராயபுரம்_லேப்
தம்பி, ரெண்டாவது கேள்வியில இருந்து வரேன். அஞ்சு பி-யும் சேர்ந்து மெதுவடை மாதிரி ஒரு வளையம், நடுவுல ஓட்டை. ஏ அதுக்கு மேல உக்காந்திருக்கும், அதோட ஏ2 வால் மட்டும் அந்த ஓட்டைக்குள்ள இறங்கி வளையத்தை புடிச்சிக்கும். ஒவ்வொரு பி-யும் குடல் செல் மேல இருக்கற ஜிஎம்1-ன்ற கொழுப்புல ஒண்ணை புடிக்கும். காசிமேட்டுல போட்டை ஒத்தை கயித்துலயா கட்றாங்க? ஒரு கட்டு தளர்ந்தாலும் மத்தது நிக்கும்ல, அதேதான்.
அதுக்கப்புறம் நடக்கறதை எத்தினி வாட்டி படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீரல. செல் தன் சரக்கை வெளிய அனுப்பற ரூட்லயே இது தலைகீழா, புரோட்டீனை பேக் பண்ற கால்ஜி வழியா, அதை செஞ்சு மடிக்கற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் வரைக்கும் போகும், அங்க ஏ1 தனியா கழண்டு, மடிப்பெல்லாம் பிரிஞ்சு கெட்டுப்போன புரோட்டீன் மாதிரி நிக்கும், செல்லும் இது குப்பைன்னு நெனச்சு தானே சைட்டோபிளாசத்துக்குள்ள தள்ளிவிட்டுடும். குப்பைன்னு முத்திரை குத்தறதுக்கு லைசின்-ன்ற அமினோ அமிலம் வேணும், ஏ1-ல அது ரொம்ப கம்மி, அதனால அழியாம தப்பிச்சிடும். அப்பால மறுபடி மடிஞ்சு என்சைமா வேலைய ஆரம்பிக்கும்: செல்லுல இருக்கற என்ஏடி-ன்ற மூலக்கூறுல இருந்து ஏடிபி-ரைபோஸ்-ன்ற துண்டை எடுத்து, ஜிஎஸ்-ஸோட ஆல்ஃபா பாகத்துல இருக்கற ஆர்ஜினின்-ன்ற ஒரு அமினோ அமிலத்துல ஒட்டிடும். ஜிஎஸ் வழக்கமா தன்னை ஆன்ல வெக்கற ஜிடிபி-ன்ற மூலக்கூறை தானே வெட்டி தன்னை ஆஃப் பண்ணிக்கும், இது ஒட்டினதும் வெட்ட முடியாது. செல்லுக்குள்ள சிக்னல் கொண்டுபோற சைக்ளிக் ஏஎம்பி எகிறும், சிஎஃப்டிஆர் கதவு திறந்து குளோரைடு வெளிய ஓடும், பின்னாடியே சோடியமும் தண்ணியும்.
ஒண்ணு சொல்லியே ஆகணும். ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் 1884-லயே கல்கத்தாவுல காலரா கிருமிய காட்டிட்டார். ஆனா கிருமி வளர்ந்த திரவத்தை கிருமியே இல்லாம வடிகட்டினாலும், அது தனியாவே குடலை தண்ணி கொட்ட வெக்கும்னு முயல் குடல்ல காட்டினது எஸ்.என்.டே-ன்ற விஞ்ஞானி, அதே கல்கத்தாவுல, 1959-ல. நம்ம பாடத்துல அவர் பேர் ஒரு வரிகூட வராதது எனக்கு ரொம்ப வருத்தம்.

தண்டையார்பேட்டை_சிஸ்டர்
கண்ணு, நான் ரிட்டையர்டு நர்ஸ். உன் மொதல் கேள்விக்கு வரேன். டாக்சின் கெடுக்கறது உப்பு தனியா உள்ள போற வழிய. உப்பும் குளுக்கோசும் ஜோடியா போற கதவு ஒண்ணு இருக்கு, எஸ்ஜிஎல்டி1-னு பேரு, ஒரு குளுக்கோசுக்கு ரெண்டு சோடியம் உள்ள இழுக்கும், அதை சைக்ளிக் ஏஎம்பி ஒண்ணும் பண்ணாது. அது வழியா உப்பு போனா தண்ணியும் கூடவே போயிடும். வெறும் தண்ணி குடுத்தாலும் சரி, வெறும் உப்புத் தண்ணி குடுத்தாலும் சரி, உடம்புல நிக்காதது அதனாலதான். பேதி உடனே நிக்கும்னு எதிர்பார்க்கக்கூடாது, போறதுக்கு ஈடா உள்ள ஏத்திக்கினே இருக்கணும். குடல் செல்லு நாலஞ்சு நாள்ல தானா உதிர்ந்து புதுசு வரும், மாட்டிக்கின ஜிஎஸ்-ஸும் அதோட போயிடும்.
1971-ல பங்களாதேஷ் அகதிகள் முகாம்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ் டிரிப் பாட்டில் தீந்துபோயி டிரம்ல இதை கரைச்சு குடுத்தார், சாவு 30 சதவீதத்துல இருந்து 3.6-க்கு இறங்குச்சு. நம்ம சென்னையிலயே 1992-ல புதுசா ஒரு காலரா கிருமி கிளம்புச்சே, வழக்கமான ஓ1 வகைய கண்டுபுடிக்கற சீரம் போட்டா ஒட்டவே இல்ல, பெரியவங்களா வந்து விழுந்தாங்க. அதுக்குத்தான் அப்புறம் ஓ139-னு பேரு வெச்சாங்க. கிருமியோட மேல்சட்டை மாறிச்சே தவிர டாக்சின் அதேதான், அதனால வைத்தியமும் அதேதான். நாடி கிடைக்கலன்னா மட்டும் தாமசம் பண்ணாம டிரிப், ரிங்கர் லாக்டேட்-ன்ற உப்புத் திரவம்.

கொருக்குப்பேட்டை_மைக்ரோ
ரொம்ப நன்றி அண்ணா, சிஸ்டர்மா. அப்போ ஆன்டிபயாடிக் எதுக்கு?

ராயபுரம்_லேப்
கிருமிய கொன்னா புது டாக்சின் வராது, பேதி சீக்கிரம் குறையும், அடுத்தவங்களுக்கு பரவறதும் கம்மியாகும். உள்ள பூந்த ஏ1-ஐ அது தொடாது.

தண்டையார்பேட்டை_சிஸ்டர்
பாக்கெட்டை கரைக்கறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 20.5 கிராம் பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணி, முழுசா. டம்ளர்ல கொட்டினா உப்பு கெட்டியாகி உடம்புல இருக்கற தண்ணியையும் குடலுக்கு இழுத்துடும், குழந்தைங்களுக்கு ஃபிட்ஸ்கூட வரும். கொதிச்சு ஆறின தண்ணியில கலக்கு, 24 மணி நேரத்துக்கு மேல வெக்காத.

கொருக்குப்பேட்டை_மைக்ரோ
அன்னிக்கு பதட்டத்துல நான் டம்ளர்லதான் கொட்டப்போனேன் சிஸ்டர்மா. ஆயாவோட பேரன், ஆறாவது படிக்கிறான், அவன்தான் பாக்கெட் மேல எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி படிச்சிட்டு ஒரு லிட்டர் பாட்டிலை தூக்கிக்கினு ஓடியாந்தான்.