மொறிஸ் மைனர் காபரேட்டர் தொடர்பில் உதவி தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலையில் வசிக்கும் நான், அப்பா பாவித்த மொறிஸ் மைனர் 1000 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். அதில் இருப்பது 1098 சிசி எஞ்சினும் எஸ்.யூ. நிறுவனத்தின் ஒற்றைக் காபரேட்டரும் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்). காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் எஞ்சின், நன்கு சூடானதும் கோணேசர் கோயில் ஏற்றத்தில் திணறுகிறது. மேலே போய் நிறுத்தினால் ஐடிலிங்கில் நில்லாமல் அணைந்துவிடுகிறது.

வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலமாகவும், தீப்பொறிக்கான மின்தொடுப்பான பொயின்ற்றின் இடைவெளியை 0.015 ஆகவும், பிளக்கினுடையதை 0.025 ஆகவும் வைத்துள்ளேன். காபரேட்டரின் டாம்பரைக் (பிஸ்டன் அசைவைத் தணிக்கும் பாகம்) கழற்றிவிட்டு, அதனுள்ளிருக்கும் பிஸ்டனை உயர்த்தி விட்டால் ‘டக்’கென்று விழுவதால், அதன் ஊசி, பெற்றோல் வரும் துளையான ஜெட்டில் உரசுவதாகத் தெரியவில்லை. ஆனால் பிளக் முனைகள் வெளிறியிருக்கின்றன. காற்றுவழியைத் திறந்து மூடும் துரொட்டில் தண்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் கையிலேயே தெரிகிறது. அந்தத் தேய்வின் வழியே காற்று உட்புகுந்து கலவை மெலிகிறதென்றே (பெற்றோலின் அளவு குறைகிறதென்றே) கருதுகிறேன்.

வேறு காபரேட்டர் பொருத்தும்படி கராஜில் சொல்கிறார்கள்; எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இத்தண்டுக்குப் புதிய புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) அடித்துத் தரக்கூடிய கைதேர்ந்த லேத் வேலையாளர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள். சூட்டில் பெற்றோல் ஆவியாவதாலும் இதே திணறல் வரலாமென்பதால், இரண்டையும் பிரித்தறியும் வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.