மறு: ‘போல்’ என்பதற்குத் தமிழ் – வாக்கு வேண்டாம், தெரிகேள்வி போதும்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

இணையத்தில் ஒரு கேள்வியும் கீழே சில விடையும் போட்டு, ஒன்றைத் தொடச் சொல்கிறார்களே, அந்த ‘போல்’ (poll) என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். மாசி மாதம், ரப்பர் தளிர்த்து நிற்கிற நேரம். தேன்பெட்டி வைத்திருக்கிறவன் மடல் பார்ப்பது ராத்திரிதான்.

‘போல்’ என்றே எழுதிவிடலாம் என்கிற கட்சிக்கு முதலில் ஒரு வார்த்தை. பேச்சில் பரவாயில்லை. எழுதினால் ‘நேற்றுப் போட்ட போல் போல் இன்றும் ஒரு போல்’ என்று ஆகிறது. உவம உருபோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது.

> ‘வாக்கெடுப்பு’ எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே, எதற்கு மாற்ற வேண்டும்?

தக்கலை அண்ணாச்சி கேட்டிருக்கிறார். நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பட்ட பிறகுதான் விட்டேன்.

மார்த்தாண்டத்தில் நாங்கள் தேனைக் குப்பியில் அடைத்து மொத்தமாக விற்கிறோம். ஹோட்டல்காரர்கள், ஏற்றுமதிக்காரர்கள் கண்ணில் பட வேண்டுமென்று, தொழில்காரர்கள் கூடுகிற லிங்க்ட்இன் தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் ‘எங்களிடம் மறுபடி வாங்காததற்குக் காரணம்? வாக்களியுங்கள்’ என்று கேட்டு, விலை, சுவை, வரத்து, வேறு என்று நான்கு விடை கொடுத்தேன். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் ‘விலை’ என்பதைத் தொட்டிருந்தார். நான் உடனே, ‘விலையைப் பேசிக்கொள்ளலாம் சார்’ என்று தனிச்செய்தி அனுப்பினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. ராத்திரி போன் வந்தது: “நான் வோட்டுப் போட்டது உனக்கு எப்பிடிடே தெரியும்?”

அந்தத் தளத்தில் கேள்வி போட்டவருக்கு யார் எதைத் தொட்டார்கள் என்பது பெயரோடு தெரியும். மற்றவர்களுக்கு விழுக்காடு மட்டும். கேட்பவருக்குத் தெரியும் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டும் இருக்கிறது. ஆனால் மேலே கொட்டை எழுத்தில் ‘வாக்களியுங்கள்’ என்று நான் எழுதிய பிறகு அந்த வரியை யார் படிப்பார்கள்? வாக்கு என்றாலே வாக்குச்சாவடியில் அட்டை வைத்து மறைத்திருப்பார்களே, அதுதான் மனதில் வரும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யார் எதைத் தொட்டார் என்பது குழுவுக்கே தெரியும். எக்ஸ் தளத்தில் யாருக்கும் தெரியாது. இடத்துக்கு இடம் மாறுகிற ஒன்றுக்கு, ரகசியம் காப்பேன் என்று முன்கூட்டியே சத்தியம் பண்ணுகிற பெயர் வைக்கக் கூடாது. அந்த வாடிக்கைக்காரர் இப்போதும் வாங்குகிறார், ஆனால் எங்கள் பக்கத்தில் எதையும் தொடுவதில்லை.

‘கருத்துக்கணிப்பு’ இன்னும் மோசம். கணிப்பு என்றால் யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது என்று மாதிரி எடுத்துச் செய்கிற வேலை. இங்கே அன்றைக்கு இணையத்தில் இருந்தவர், நம்மைத் தெரிந்தவர், சும்மா கை அரித்தவர், இவர்கள்தான் தொடுகிறார்கள். என் பக்கத்தில் பாதிப்பேர் தேன் விற்கிற மற்ற ஆட்கள்! அதை வைத்து ‘சந்தை இப்படி நினைக்கிறது’ என்று எழுதினால் பொய்.

‘குடவோலை’ அழகான சொல், ஆனால் பொருந்தாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. அது சீட்டுக் குலுக்கல், யார் விருப்பத்தையும் கேட்பது இல்லை.

சரி, என் பங்குக்கு ஒன்று: தெரிகேள்வி.

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் ‘பலவுள் தெரிக’ என்று போட்டு நான்கு விடை கொடுப்பார்களே, அந்தத் ‘தெரி’, அதாவது தேர்ந்தெடு. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, ஆகவே நடுவில் க் போடக் கூடாது. ‘தெரிந்த கேள்வி’ என்று காதில் விழுமே என்பார்கள். எங்கள் கடையில் குப்பி கழுவுகிற அக்காவிடம் சொன்னபோது அப்படித்தான் கேட்டார்: “தெரிஞ்ச கேள்விய எதுக்கு கேக்கணும்?” நியாயம்தான். ஆனால் கீழே விடைகள் வரிசையாக நிற்கும்போது அந்தக் குழப்பம் வருவதில்லை.

இன்னொரு லாபம், நீளம். லிங்க்ட்இன்னில் ஒரு விடைக்கு 30 எழுத்துதான், கேள்விக்கு 140. அந்த எண்ணிக்கை நம் எழுத்து எண்ணிக்கை இல்லை, கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. ‘தேங்காய் எண்ணெய்’ நமக்கு எட்டு எழுத்து, அதற்கு இடைவெளியோடு 16. அதே கணக்கில் ‘கருத்துக்கணிப்பு’ 16, ‘வாக்கெடுப்பு’ 12, ‘தெரிகேள்வி’ 10. தமிழில் விடை எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

> ‘எங்கேஜ்மென்ட்’டுக்கு ஈடுபாடு என்று வைத்துவிடலாமா?

நம் பதிவை எத்தனை பேர் தொட்டார்கள், பதில் எழுதினார்கள் என்பதைத்தான் அந்தத் தளங்களில் அப்படிச் சொல்கிறார்கள். நிச்சயதார்த்தம் என்று போடாத வரைக்கும் சந்தோஷம். ஆனால் ஈடுபாடு மனசில் இருப்பது, எண்ண முடியாது. ‘பங்கேற்பு’ என்றால் எண்ணலாம். அதிலும் தொட்டுவிட்டுப் போவது வேறு, நின்று ஒரு வரி எழுதுவது வேறு. ‘தேன் பிடிக்குமா? ஆம், இல்லை’ என்று ஒருமுறை கேட்டேன். தொட்டவர்கள் நிறைய, வாய் திறந்தவர் ஒருவரும் இல்லை. அப்புறம் ‘ரப்பர் தோட்டத்தில் தேனீ தேனை எங்கிருந்து எடுக்கிறது?’ என்று கேட்டு, பூ, பால், தளிர் இலை, பட்டை என்று விடை கொடுத்தேன். தொட்டவர்கள் குறைவு. பாதிக்கு மேல் பூ என்றார்கள். விடை தளிர் இலை. காம்பு நுனியில் மூன்று இலையும் சேருகிற இடத்தில் சின்னச் சுரப்பி, அதில்தான் இனிப்பு கசிகிறது. அதைச் சொன்னதும் குலசேகரத்திலிருந்து ஒருவர் படம் எடுத்தே போட்டார், கேரளத்தில் தோட்டம் வைத்திருக்கிறவர் பெட்டி வைக்கிற இடைவெளி பற்றிச் சண்டைக்கு வந்தார். இரண்டு பேர் சரக்கு கேட்டார்கள்.

‘ஆம், இல்லை’ வகைக்கு என்ன பெயர்? தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற தூத்தூர்க்காரர்கள் இருக்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘தூண்டில் கேள்வி’ என்றால் விளக்கவே வேண்டாம். 2020-இல் இந்த வசதியைக் கொண்டுவந்த லிங்க்ட்இன்னே, இப்படி நிறைய வருகிறது என்று ஆட்கள் அலுத்துக்கொண்டதால் 2022-இல் குறைத்துக் காட்டுவதாகச் சொன்னது.

ஒரு சிக்கல் பாக்கி. ஒருவர் தொட்டதற்கு என்ன பெயர்? ‘தெரிவு’ என்று வைத்தால், ‘எழுபது தெரிவு விழுந்தது’ என்று சொல்ல நாக்கு மறுக்கிறது, வோட்டு என்றால்தான் விழுகிறது. இலங்கை நண்பர்கள் ‘தெரிவு’ என்பதை அன்றாடம் புழங்குகிறவர்கள், அவர்கள் வாயில் எப்படி வரும்?

அதிகாலை பெட்டி பார்க்கப் போக வேண்டும். மிச்சம் நாளை ராத்திரி.