"கவலைப்பட்டாத்தான் மார்க் வரும்" என்று நம்பும் பிள்ளைகள்: பெற்றோரிடம் என்ன சொல்வது?

பள்ளி ஆலோசகர்:
பிளஸ் டூ மாணவர்கள் சிலர், "கவலைப்படலைன்னா அசட்டையா இருந்துடுவேன்" என்கிறார்கள். அதே பிள்ளைகள், "நிறுத்தவே முடியல, பைத்தியம் பிடிச்சிடுமோ" என்றும் பயப்படுகிறார்கள். வீட்டில் தைரியம் சொல்லச் சொல்ல இது கூடுகிறது. ஏன்?

மனநலச் சிகிச்சையாளர்:
நீங்கள் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள்தான் வேர். பிரிட்டிஷ் உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் 1995இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். முதல் நம்பிக்கை கவலையைத் தொடங்கி வைக்கிறது. இரண்டாவது, கவலையைப் பற்றிய கவலையாகி அதைப் பூட்டிவிடுகிறது. அதனால் "பெயிலானா?" என்ற கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நம்பிக்கையைச் சோதியுங்கள். ஒரு வாராந்திரத் தேர்வுக்கு வழக்கம்போலப் படிக்கட்டும். அடுத்ததற்குக் கவலையை மாலை 6 மணிக்குத் தள்ளிப்போடட்டும்: 20 நிமிடம், ஒரே நாற்காலி, படுக்கையில் கூடாது. நடுவில் வந்தால் ஒரு வரி குறித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம். பிறகு மார்க்கையும் படித்த பக்கங்களையும் ஒப்பிடுங்கள். பலர் இதைக் கவலையை விரட்டும் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். அடக்கினால் இன்னும் வேகமாகத் திரும்பும். தள்ளிப்போடுவது மட்டுமே இங்கே வேலை.

குடும்ப ஆலோசகர்:
முதலில், பெற்றோர் தலையில் முழுப் பழியையும் போடாதீர்கள். 47 ஆய்வுகளைத் தொகுத்த 2007 அலசலில், பிள்ளைக்குப் பிள்ளை பதற்றத்தில் காணும் வேறுபாட்டில் வளர்ப்பு முறையோடு தொடர்புபட்டது சுமார் 4 சதவீதம்தான். அதிலும் பாராமுகத்தைவிட, எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்யும் கட்டுப்பாட்டுக்குத்தான் தொடர்பு அதிகம்.

மாற்ற வேண்டியது பதில் சொல்லும் பழக்கத்தை. "பாஸாயிடுவேன்ல?" என்று பத்து முறை கேட்டால் பத்து முறையும் "ஆயிடுவே" என்கிறோம். அந்த நிம்மதி சில நிமிடம்தான். மறுபடி கேட்கத் தோன்றும். இனி அப்படிப் பதில் சொல்ல மாட்டோம் என்று பரபரப்பில்லாத நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்கும்போது ஒரே வாக்கியம்: "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது கண்ணு, உன்னால தாங்க முடியும்." முதல் சில நாள் கேள்வி கூடும். அப்போது பாட்டி மனமிரங்கிப் பதில் சொன்னால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் பாட்டியையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பெற்றோருக்கு மட்டும் இந்த முறையைப் பயிற்றுவித்ததே பிள்ளைக்குத் தரும் சிகிச்சைக்கு ஈடாக இருந்தது என்று 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு காட்டியது.

பள்ளி ஆலோசகர்:
எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்புவது?

மனநலச் சிகிச்சையாளர்:
பெரும்பாலான நாட்கள் கவலை, கூடவே தூக்கக் கேடு, தலைவலி என்று 6 மாதம் நீடித்தால். பள்ளிக்கே போக மறுத்தால் அவ்வளவு நாள் பொறுக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.