மாஸ்க் என்னுடையது, சிலிண்டர் அவர்களுடையது: டைவிங் பை கட்டிய அனுபவங்கள்

பிப்ரவரியில் டைவிங்குக்காக அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறேன், ஸ்கூபா சாமான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகவா, அங்கேயே வாடகைக்கு எடுக்கவா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு விதமாகவும் போய்ப் பட்டவன் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

முதல் தடவை வீட்டில் இருந்த எல்லாமே பெட்டிக்குள் போனது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் விமானம். பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. பிசிடி, அதாவது காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட், அது மட்டும் மூன்றரைக் கிலோ. ஃபின்ஸும் (காலில் மாட்டும் துடுப்பு) பூட்டீஸும் (அதற்குள் போடும் ரப்பர் காலணி) மூன்று கிலோ. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் இரண்டு கிலோ. 5 மி.மீ. தடிமனில் நியோப்ரீன் ரப்பர் உடை, அதாவது வெட்சூட், இரண்டரை. ஐந்து நாள் துணிமணி வைத்ததும் அளவு தாண்டிவிட்டது; கவுன்டரில் கூடுதல் பணம் கட்டினேன். பணம் போனதைவிட வருத்தம் என்னவென்றால், அந்த சூட்டை ஒரே ஒரு நாள்தான் போட்டேன். அங்கே தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும். படகில் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதே தலை கிறுகிறுத்தது. தடித்த நியோப்ரீன் வேறு மேலே மிதக்கப் பார்க்கும். அதை அமுக்க இடுப்பில் இன்னும் இரண்டு கிலோ ஈயம். மறுநாள் அங்கேயே 3 மி.மீ. சூட் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கசப்பில், அடுத்த தடவை வெறுங்கையோடு போனேன். வாடகை மாஸ்க் கையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மீட்டர் இறங்குவதற்குள் மூக்கு வரை தண்ணீர். ஊதி வெளியேற்றுவேன், ஒரு நிமிடத்தில் மறுபடி நிரம்பும். அதன் ஓரத்து சிலிகான் கெட்டிப்பட்டிருந்தது, எனக்கோ அடர்ந்த மீசை. ஊதி ஊதியே காற்றைத் தீர்த்தேன். கூட வந்தவர்களின் சிலிண்டரில் 110 பார் காற்றழுத்தம் இருக்கும்போது என் அழுத்தமானியில் 60. எனக்காக அத்தனை பேரும் மேலே ஏற வேண்டியதாயிற்று. பாறைக்கு அடியில் ஒரு ஆமை படுத்திருந்ததாம். நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாஸ்க் மட்டும் கைப்பையில்தான் வரும், பெட்டியில் போடுவதே இல்லை. கடையில் வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசைக்காரர்கள் மூக்குக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்தால் போதும், ஓரம் தோலில் படியும். புது மாஸ்க் என்றால் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பற்பசையால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். சிலிகானிலிருந்து வரும் மெல்லிய படலம் போகாவிட்டால் என்ன தடவினாலும் பனி படியும்.

இன்னொன்று டைவ் கம்ப்யூட்டர்: உடம்பில் ஏறும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி. அதே பயணத்தில் முதல் நாள் ஒன்று கொடுத்தார்கள், மறுநாள் வேறொன்று. நேற்று என் உடம்பில் ஏறிய நைட்ரஜன் அந்தப் புதுக் கருவிக்கு எப்படித் தெரியும்? நான் கடலையே பார்க்காதவன்போல அது தாராளமாக நிமிடங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த வழிகாட்டியின் கம்ப்யூட்டரில் எனக்குக் காட்டியதைவிட மிகக் குறைவு. அவர் மணிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே அந்த டைவை முடித்தேன். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எளிய மாடல் ஒன்று வாங்கினேன். எடை கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

* * *

நான் சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணா சொன்ன எடைக் கணக்கு எங்களுக்குக் கொஞ்சம் வேறு. மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போக பஸ் ஏறி மெர்சிங் ஊர், அங்கிருந்து படகு. தராசில் வைத்துப் பார்க்க யாருமில்லை, ஆனால் படித்துறையில் நாம்தான் சுமக்க வேண்டும். அதனால் பிசிடி, சிலிண்டர், ஈயம் எல்லாம் அங்கே எடுப்பதுதான்.

ஆனால் வெட்சூட்டை மட்டும் விடமாட்டேன். வாடகை சூட் எனக்கு இடுப்பில் பிடிக்கும், முதுகில் தொளதொளக்கும். தொளதொளப்பான இடத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். 29 டிகிரி தண்ணீரில் குளிரா என்று கேட்பார்கள். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஒரு நாளில் மூன்றாவது டைவில் எனக்குப் பல் கிட்டிவிட்டது. இப்போது உடம்புக்குச் சரியாக இருக்கும் 3 மி.மீ. சூட், உள்ளே ராஷ் கார்டு என்கிற மெல்லிய முழுக்கை நீச்சல் சட்டை. சொறிமீன் பட்டாலும் கையில் தடிக்காது, வெயிலுக்கு க்ரீம் பூசும் வேலையும் பாதி குறையும்.

நீண்ட முடி உள்ள அக்கா, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் வார் முடியைப் பிடித்து இழுத்து, கழற்றும்போது கொத்தோடு பிடுங்கும். மாஸ்க் வாருக்குத் துணி உறை விற்கிறார்கள், சின்ன விஷயம்தான், வாங்கி மாட்டிவிடுங்கள். பின்னலைத் தாழப் போட்டு சூட்டுக்குள் விட்டுவிட்டால் நெற்றியில் முடி சிக்கி மாஸ்க்குக்குள் தண்ணீர் வராது. அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம், வார் வழுக்கும்.

* * *

மாலத்தீவு போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: எஸ்.எம்.பி., அதாவது காற்றடைத்து மேலே விட்டு நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவை, அதை நீங்களே கொண்டு போங்கள்.

வாவு அட்டோலில் (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) ஒரு கால்வாய் டைவ். அங்கே அந்தக் கால்வாய்களுக்கு ‘கண்டு’ என்று பெயர். கடல் ஏறி இறங்கும்போது அட்டோலுக்குள் தண்ணீர் பாய்ந்து போய் வருகிற வாய் அது. சுறாவைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஓட்டத்துக்குள்தான் போக வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் ஒரு மிதவை இருந்தது, குழுவுக்கு ஒன்று போதும் என்றார்கள். நானும் என் மனைவியும் ஓட்டத்தில் பிரிந்துவிட்டோம். நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே வந்தால், படகு தூரத்தில் கட்டைவிரல் நகம் அளவு. அலை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் தண்ணீருக்கு மேல் இரண்டு கறுப்புத் தலைகள் யார் கண்ணுக்குத் தெரியும்? விசில் ஊதினேன். படகின் எஞ்சின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? இருபது நிமிடம் போனபின் வேறொரு குழுவின் தோணி தற்செயலாக எங்கள் பக்கம் வந்தது. அந்த இருபது நிமிடமும் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, என் பிசிடி வாரை விடவும் இல்லை.

எஸ்.எம்.பி.யைச் சுருட்டினால் முழங்கை நீளம்கூட இராது, நூல் சுற்றிய ரீலோடு சேர்த்தும் அரைக்கிலோவுக்குக் கீழே. ஆரஞ்சு நிறம், ஆள் உயரத்துக்குக் குறையாத நீளம். ஊரிலேயே நீச்சல் குளத்தில் விட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை விடும்போது நூல் கையில் சுற்றிக்கொண்டு ஆளையும் சேர்த்து மேலே இழுக்கும்.

* * *

புதுச்சேரிப் பக்கம் டைவ் சொல்லிக்கொடுக்கிறேன். ரெகுலேட்டரை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். வருடம் பத்து டைவுக்குக் குறைவாகப் போகிறவர், சர்வீஸ் செய்து வைக்க முடியாதவர், வாடகைக்கே எடுங்கள். அலமாரியில் மூன்று வருடம் கிடந்த சொந்த ரெகுலேட்டரைவிட தினமும் தண்ணீரில் போய்வருவது மேல். ஆனால் படகிலேயே ஒரு சோதனை: மானியைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து மூச்சு ஆழமாக இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை, அல்லது வழியில் எங்கோ அடைப்பு. அப்படியே இறங்காதீர்கள், சொல்லி மாற்றுங்கள். ஆக்டோபஸ் என்கிற உபரி வாய்க்குழாயிலும் இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், அதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். சொந்தமாகக் கொண்டு போகிறவர், அங்குள்ள சிலிண்டர் வால்வு டின் (DIN) என்கிற திருகு வகையா, யோக் என்கிற கவ்வும் வகையா என்று முன்பே கேட்டு, தேவைப்பட்டால் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

டார்ச்சின் லித்தியம் பேட்டரி கைப்பையில், கத்தி பெட்டியில். பவளத்திட்டு உள்ள இடங்களில் கத்தி, கையுறை இரண்டையும் பல சென்டர்கள் அனுமதிப்பதில்லை. கையுறை இருந்தால் கை தானாகப் பவளத்தைப் பிடிக்கும். நான் என் மாணவர்களை இரண்டையும் வீட்டிலேயே வைக்கச் சொல்வேன்.

* * *

கேள்வி கேட்ட தம்பி நான்தான். எல்லோருக்கும் நன்றி. எனக்கு மைனஸ் 3.5 கண்ணாடி. அதற்கு என்ன செய்ய?

* * *

தம்பி, இரட்டைக் கண்ணாடி வைத்த மாஸ்க்காக வாங்குங்கள். பல மாடல்களுக்கு அரை அரையாக ஏறும் பவர் லென்ஸ் தயாராகக் கிடைக்கும், கடையிலேயே மாற்றிக் கொடுப்பார்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் உங்களுக்கு 3.5 இல்லாமல் 3 கிடைத்தாலும் சமாளிக்கலாம். சாதாரணக் கண்ணாடியைப் படகில் உலர்பைக்குள் போட்டுவிடுங்கள், பெஞ்சில் வைத்தால் யாராவது சிலிண்டரை அதன்மேல் வைப்பார்கள்.

கிளம்புகிற நாளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். பல நாள் டைவ் செய்தால், உடம்பில் மிஞ்சிய நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஈரம் குடித்த வெட்சூட் திரும்பி வரும்போது தராசில் ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும்.